எஸ்பிரெஸ்ஸோ மெஷின் வாங்கும் முன்: எத்தனை டம்ளர், எந்தத் தண்ணீர்?

கேள்வி: தாம்பரம் பக்கம் குடியிருக்கிறோம். வீட்டில் ஐந்து பேர். மாமனாருக்கும் மாமியாருக்கும் விடிகாலை ஐந்தரைக்கு ஃபில்டர் காபி வேண்டும். பித்தளை ஃபில்டரில் இரவே தூள் போட்டு டிகாக்‌ஷன் இறக்கி வைத்துவிடுவேன். எண்பதுக்கு இருபது சிக்கரி கலந்த தூள். கல்லூரியில் படிக்கும் மகனுக்குக் கடையில் கப்புச்சினோ குடித்துப் பழகிவிட்டது; இப்போது கணவருக்கும் அந்த ஆசை. வீட்டிலேயே எஸ்பிரெஸ்ஸோ மெஷின் வாங்கிவிடலாம் என்று 50,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். ஒரு கடையில் 15 பார் என்கிறார்கள். இன்னொரு கடையில் 20 பார்தான் உசத்தி என்கிறார்கள். என் தம்பி டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து வருகிறான், அங்கே விலை குறைவு, வாங்கி வரட்டுமா என்று கேட்கிறான். எதை வாங்குவது? மாமியாருக்கும் அதிலேயே காபி போட்டுவிட முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்றவை பாதி தீர்ந்துவிடும். மாமியாருக்கு அந்த மெஷினில் காபி போட வேண்டாம். பித்தளை ஃபில்டர் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

கோவையில் பதினாறு வருடமாகக் காபி மெஷின் பழுது பார்க்கிறேன். ஆரம்பத்தில் ஓட்டல், பேக்கரி மெஷின்கள்தான் வந்தன. இப்போது வருவதில் பாதி வீட்டு மெஷின்கள். "ஆன் ஆகுது, ஆனா தண்ணியே எறங்க மாட்டேங்குது" என்று யாராவது கொண்டுவந்து வைத்தால் நான் முதலில் கேட்பது, "என்ன தூள் போட்டீங்க?" என்பதுதான். போன மாதம் ஒன்று வந்தது. வாங்கி எட்டே மாதம். காபித்தூளின் மேல் தண்ணீர் பொழிகிற தலைப்பகுதியில் சல்லடை போல ஒரு வட்டத் தகடு இருக்கும். ஒரே ஒரு திருகுதான். கழற்றிப் பார்த்தால் தகட்டின் பின்பக்கம் கறுப்பாக, வெல்லப்பாகு காய்ந்து ஒட்டின மாதிரி ஒரு படலம். நகத்தால் சுரண்டினால் வரவில்லை. வெந்நீரில் அரை மணி நேரம் ஊறிய பிறகுதான் இளகியது. அதற்குப் பின்னால் இருந்த வால்வைக் கழற்றினேன், அதற்குள்ளும் அதே பாகு. அந்த வீட்டில் தினமும் போட்டது சிக்கரி கலந்த ஃபில்டர் தூள்.

சிக்கரி கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. வேரை வறுக்கும்போது அதில் இருக்கிற இனிப்புச் சத்து கருகிப் பாகாகிறது. காபியைவிட மிக அதிகமாகத் தண்ணீரில் கரைகிறது. ஃபில்டரில் அது நமக்கு நல்லது. தண்ணீர் தன் பாரத்தில் தானே இறங்குகிறது, சிக்கரி அதைப் பிடித்து நிறுத்திச் சொட்டுச் சொட்டாக விடுகிறது, டிகாக்‌ஷன் கள்ளிச்சொட்டாக வருகிறது. மெஷினில் கதை வேறு. அழுத்தத்தோடு தண்ணீர் வந்து மோதும்போது சிக்கரி ஊறிப் பசையாகி வழியை அடைத்துக்கொள்கிறது. கொஞ்சம் நல்ல மெஷின்களில், காபி இறங்கி முடிந்ததும் உள்ளே மீந்திருக்கும் அழுத்தத்தை வெளியேற்ற ஒரு மூன்று வழி வால்வு உண்டு. தூளின் மேல் நிற்கிற கலங்கல் தண்ணீர் அந்த வால்வு வழியாகத்தான் திரும்பி வெளியே போகும். சிக்கரிப் பாகு போய்த் தங்குவது அங்கேதான்.

ருசியும் வேறு. எண்பதுக்கு இருபது தூளில் ஐம்பது வருடம் பழகிய நாக்குக்கு எஸ்பிரெஸ்ஸோவில் பால் ஊற்றிக் கொடுத்தால் "என்னம்மா, காபி புளிக்கிறது" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும். அவர்களுக்கு வேண்டிய காபி அந்தப் பித்தளைப் பாத்திரத்தில் இருக்கிறது.

ஆக, மெஷின் உங்கள் கணவருக்கும் மகனுக்கும். காலையில் இரண்டு பால் காபி. நீங்களும் சேர்ந்துகொண்டால் மூன்று. இந்தக் கணக்கைக் கடையில் யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் மெஷினின் விலையைத் தீர்மானிப்பது இதுதான். காபி இறங்கத் தண்ணீர் 90 முதல் 96 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பால் நுரைக்கிற நீராவிக்கு 120 டிகிரிக்கு மேல் வேண்டும். வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் இரண்டு வேலைக்கும் சேர்த்து ஒரே சூடாக்கிதான். காபியை இறக்கி, நீராவிச் சுவிட்சைப் போட்டு, சூடு ஏறும்வரை நின்று, பாலை நுரைத்து, அடுத்த காபிக்கு மறுபடி வெந்நீரைத் திறந்துவிட்டு ஆறவைத்து, பிறகு தொடங்க வேண்டும். பழகிய கைக்கே ஒரு கோப்பைக்கு நான்கைந்து நிமிடம் ஆகும். மூன்று பேருக்குத் தாங்கும். ஐந்து பேர் என்றால் கல்லூரி, ஆபீஸ் நேரத்தில் அடுப்படியில் சண்டைதான். ஐந்து பேருக்கும் அதிலேயே போட வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால், காபிக்கும் நீராவிக்கும் தனித்தனி ஏற்பாடு உள்ள பெரிய மெஷின் வேண்டியிருக்கும்; உங்கள் 50,000 அதற்குப் பக்கத்தில்கூட வராது.

இனி பார் கணக்கு. இதில்தான் மக்களை அதிகம் குழப்புகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பார் என்பது அழுத்தத்தின் அளவு. வெயிட் போட்ட பிரஷர் குக்கருக்குள் வெளிக்காற்றைவிடக் கூடுதலாக ஏறுவது ஏறக்குறைய 1 பார். இத்தாலியின் துரின் நகரில் ஆஞ்செலோ மொரியோண்டோ 1884-இல் காப்புரிமை வாங்கிய இயந்திரமும், மிலானில் லூயிஜி பெட்சேரா 1901-இல் காப்புரிமை வாங்கிய இயந்திரமும் நீராவி அழுத்தத்தில் ஓடியவை. குக்கரைவிடக் கொஞ்சம்தான் மேல். நீராவியை நம்பினால் ஒரு சங்கடம்: அழுத்தம் கூட வேண்டுமென்றால் சூடும் கூட வேண்டும், சூடு கூடினால் காபி கருகும். 1938-இல் மிலானில் அக்கிலே காஜா என்பவர் நீராவியை விட்டுவிட்டு வேறு வழியில் அழுத்தம் கொடுக்கக் காப்புரிமை எடுத்தார். போர் முடிந்த பிறகு அவருடைய கைப்பிடி மெஷின்கள் கடைகளுக்கு வந்தன. கைப்பிடியை இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் அமுங்கி, அந்த விசையில் வெந்நீர் தூளுக்குள் போகும். காபியின் மேல் பொன்னிற நுரை படிந்தது அப்போதுதான். 1961-இல் ஃபாயேமா நிறுவனத்தின் ஈ61 மெஷின் அந்த விசையை மின்சாரப் பம்புக்கு மாற்றியது. அந்தப் பம்பின் அளவு 9 பார். அறுபது வருடத்துக்கு மேலாகியும் உலகம் முழுக்க எஸ்பிரெஸ்ஸோவுக்கு அடிப்படை அளவாக இருப்பது அந்த 9 தான்.

அப்படியானால் அட்டைப்பெட்டியில் 15, 20 என்று எழுதியிருப்பது என்ன? பம்பின் வாயை முழுக்க அடைத்துவிட்டால் அது எவ்வளவு அழுத்தும் என்கிற கணக்கு. வீட்டு மோட்டாரில் 100 அடி ஏற்றும் என்று எழுதியிருக்கும். உங்கள் மொட்டைமாடித் தொட்டி 30 அடியில் இருந்தால் மீதி 70 அடியை வைத்து என்ன செய்வீர்கள்? அதே போலத்தான். உண்மையான அழுத்தத்தை உண்டாக்குவது தூளின் தடை. எவ்வளவு நைசாக அரைத்து, எவ்வளவு சீராக அமுக்கியிருக்கிறீர்கள் என்பது. நல்ல மெஷினில் 9, 10 பாருக்கு மேல் போனால் மிச்சத்தைத் தொட்டிக்கே திருப்பிவிட ஒரு வால்வு இருக்கும். 20 பார் என்பதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். மேலே ஒரு மூடி, அதைத் திருகித் திறந்து தண்ணீர் ஊற்றி மூடுகிற சின்ன மெஷின் சில ஆயிரத்துக்குக் கிடைக்கும். அதில் பம்ப் கிடையாது. சூடாகிற தண்ணீரின் நீராவிதான் தள்ளுகிறது. 1901-ஆம் வருடத்து முறை. அதில் திடமான காபி வரும், எஸ்பிரெஸ்ஸோ வராது.

பம்ப் உள்ள மெஷின் என்று தெரிந்த பிறகு கடையில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. தூள் போடுகிற கைப்பிடியை வாங்கி, அதற்குள் இருக்கும் கிண்ணம் போன்ற பாஸ்கெட்டை வெளியே எடுத்து, அடிப்பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். சிலவற்றில் அடிப்பக்கம் நடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரே ஒரு ஓட்டைதான் இருக்கும். சிலவற்றில் சல்லடை மாதிரி நூற்றுக்கணக்கான ஓட்டைகள் தெரியும். ஒற்றை ஓட்டை பாஸ்கெட்டில் எந்தத் தூளைப் போட்டாலும் மேலே நுரை வந்துவிடும், ஏனென்றால் அந்த நுரையை உண்டாக்குவது ஓட்டை. ஆரம்பத்தில் கடையில் அரைத்த தூளை வைத்துப் பழக அது உதவும். ஆனால் அதோடு நின்றுவிட்டால் உங்கள் மகன் கடையில் குடித்த ருசி வீட்டில் என்றைக்கும் வராது. இரண்டு வகை பாஸ்கெட்டும் கிடைக்கிற மாடலாகக் கேளுங்கள். அகலம் பெரும்பாலும் 51, 54, 58 மில்லிமீட்டர் என்று வரும். 58 என்பது கடை மெஷின்களின் அளவு. அதற்குப் பாஸ்கெட், தூளை அமுக்குகிற டேம்பர் எல்லாம் சுலபமாகக் கிடைக்கும். 51, 54 இருந்தாலும் காபி கெட்டுவிடாது.

பல ஓட்டை பாஸ்கெட்டுக்கு வந்துவிட்டால் கிரைண்டர் இல்லாமல் முடியாது. உங்கள் 50,000-ஐ முழுக்க மெஷினுக்கே கொடுத்துவிடாதீர்கள் என்று நான் கேட்டுக்கொள்வது இதனால்தான். 30,000 சொச்சத்தில் மெஷின், பத்துப் பன்னிரண்டாயிரத்தைக் கிரைண்டருக்கு, மீதியில் ஒரு சின்ன தராசு, பால் நுரைக்கிற ஸ்டீல் ஜக், தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பின் அளவைக் காட்ட ஒரு டி.டி.எஸ். மீட்டர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சுமாரான மெஷினையும் நல்ல கிரைண்டரையும் வைத்து நல்ல காபி போட்டிருக்கிறேன். நல்ல மெஷினையும் மிக்ஸியையும் வைத்து ஒருநாளும் முடிந்ததில்லை.

காரணம் இது. 18 கிராம் தூள் போட்டால் 25 முதல் 30 வினாடிக்குள் 36 கிராம் காபி இறங்க வேண்டும். தூள் கொஞ்சம் கரகரப்பாக இருந்தால் பன்னிரண்டு வினாடியில் ஓடி வந்துவிடும், தண்ணீராக, புளிப்பாக. கொஞ்சம் நைசாகிவிட்டால் ஐம்பது வினாடி ஆகியும் சொட்டிக்கொண்டே இருக்கும், கசக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி கண்ணுக்குத் தெரியாத அளவு. மிக்ஸி பிளேடு கொட்டையை அரைப்பதில்லை, வெட்டுகிறது. மாவும் ரவையும் கலந்த மாதிரி வரும். தண்ணீர் ரவை இருக்கிற பக்கமாக வழி தேடிக்கொண்டு ஓடிவிடும், மாவு இருக்கிற பக்கம் கசப்பாகும். ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வந்தால் காரணம் அதுதான். கடையில் நைசாக அரைத்து வாங்கினாலும் ஒரே ஒரு அளவில் சிக்கிக்கொள்வீர்கள். சென்னையில் ஐப்பசி அடைமழையில் சரியாக இறங்கிய அளவு சித்திரை வெயிலில் சரியாக வராது. கொட்டை பழசாக ஆக இன்னும் மாறும். தினமும் ஒரு கிளிக் அப்படி இப்படித் திருப்பிக்கொள்ள வீட்டில் கிரைண்டர் வேண்டும்.

இப்போது உங்கள் தம்பி. மெஷினைக் கொண்டுவர வேண்டாம் என்று உடனே போன் செய்துவிடுங்கள். அமெரிக்காவில் 120 வோல்ட், நமக்கு 230. தெரியாமல் நேராகச் செருகினால் ஹீட்டர் வழக்கத்தைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் மின்சாரம் இழுத்து அந்த நிமிடமே போய்விடும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். 1,400 வாட் மெஷினுக்கு வைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் அடுப்பு மேடையில் இன்னொரு மெஷின் அளவுக்கு இடம் பிடிக்கும், கனமும் அப்படி. அதோடு போவதில்லை. அங்கே மின்சாரத்தின் அலைவு வினாடிக்கு 60, இங்கே 50. வீட்டு மெஷினில் இருக்கிற பம்ப் அந்த அலைவுக்கு ஏற்றபடி துடிக்கிற பம்ப். வோல்ட்டைச் சரிசெய்தாலும் இது சரியாகாது. அங்கே வாங்கியதற்கு இங்கே வாரண்டியும் பெரும்பாலும் செல்லாது. எத்தனையோ பேர் அன்போடு சுமந்து வந்த பெட்டியை என் மேஜையில் வைத்துவிட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் இதைச் சொல்வது எனக்குச் சங்கடமான வேலை.

தம்பியிடம் கேட்க வேண்டியது வேறு. கையால் சுற்றுகிற நல்ல கிரைண்டர் ஒன்று, எஸ்பிரெஸ்ஸோ அளவுக்கு அரைக்கக்கூடியது, உள்ளே எஃகு அரவைப் பற்கள் உள்ளது. அதற்கு வோல்ட்டும் இல்லை, அலைவும் இல்லை. 18 கிராம் அரைக்க ஒரு நிமிடம், கொஞ்சம் கூடுதலாகவும் ஆகலாம். இரண்டு கோப்பைக்கு அது பாரமில்லை. பத்தில் ஒரு கிராம் வரை காட்டுகிற, பேட்டரியில் ஓடும் தராசும் வாங்கி வரட்டும். பெட்டியில் துணிகளுக்கு நடுவில் அடங்கிவிடும்.

மெஷினை இங்கேயே வாங்குங்கள். எந்த வகை? காஜா கிளாசிக் என்கிற மெஷின் 1991-இல் வந்தது, ரான்சிலியோ சில்வியா என்கிற மெஷின் 1997-இல் வந்தது. இரண்டும் 58 மில்லிமீட்டர், கனமான உலோக உடம்பு, ஒரே பாய்லர். பெரிய மாற்றமில்லாமல் இத்தனை வருடமாக ஓடுவதால் உதிரி பாகம் தேடி அலைய வேண்டியதில்லை. பழுது பார்க்கிறவனாக எனக்குப் பிடித்த ஜாதி. ஆனால் இங்கே வந்து சேரும்போது விலை உங்கள் கணக்கைத் தாண்டிவிடலாம், நன்றாகச் சூடேறக் கால் மணி நேரமும் வேண்டும். உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது தெர்மோபிளாக் வகை. அதில் பாய்லர் கிடையாது. சூடான உலோகக் கட்டிக்குள் ஓடுகிற மெல்லிய குழாய் வழியே தண்ணீர் போகும்போதே சூடாகிவிடும். ஒரு நிமிடத்துக்குள் தயார். காபியிலிருந்து நீராவிக்கு மாற அதிக நேரம் பிடிக்காது. மகன் பஸ்ஸைப் பிடிக்கிற வீட்டில் அது பெரிய விஷயம்.

அந்த வகைக்கு ஒரு எதிரி உண்டு: உப்புத் தண்ணீர். குழாய் மெல்லியது என்பதால் சீக்கிரம் அடைக்கும்.

இரண்டு மெஷின்களைப் பற்றிச் சொல்கிறேன். ஒரே மாடல், சில வார இடைவெளியில் வாங்கியவை. ஒன்று கோவையில் சிறுவாணித் தண்ணீர் வருகிற பகுதி வீட்டிலிருந்து மூன்று வருடம் கழித்து வந்தது, ரப்பர் கேஸ்கெட் தேய்ந்துபோனதற்காக. திறந்தேன், உள்ளே குழாயின் வாய் வாங்கிய அன்று இருந்த மாதிரி பளபளப்பு. இன்னொன்று போர் தண்ணீர் மட்டுமே உள்ள வீடு, பதினான்கு மாதம். காபி நூல் மாதிரி இறங்குகிறது என்றார்கள். குழாயின் இணைப்பைக் கழற்றியதும் உள்ளிருந்து முட்டை ஓடு நொறுங்கின மாதிரி வெள்ளைச் சில்லுகள் மேஜையில் கொட்டின. நீங்கள் வெந்நீர்க் கீஸர் காயிலில் பார்த்திருப்பீர்கள், அதே சுண்ணாம்புதான். அந்த உலோகக் கட்டியை மாற்றுகிற செலவு மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டது. அந்த வீட்டு அம்மாவுக்கு அதை யாரும் முன்னால் சொல்லவில்லை, அவர் தப்பு ஒன்றும் இல்லை.

தாம்பரம் பக்கம் என்றால் பெரும்பாலும் போர் தண்ணீரும், குடிக்க ஆர்.ஓ.வும், அவசரத்துக்குக் கேன் தண்ணீருமாக இருப்பீர்கள். போர் தண்ணீரை மெஷினுக்குக் காட்டவே காட்டாதீர்கள். ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள், ஆனால் முதலில் மீட்டரை முக்கிப் பாருங்கள். காபிக்கு நல்ல அளவாகச் சொல்லப்படுவது 150, ஏற்கத்தக்கது 75 முதல் 250 வரை. பல வீடுகளில் ஆர்.ஓ. தண்ணீர் 20, 30 என்று காட்டும். அவ்வளவு வெறுமையான தண்ணீரில் காபியின் ருசி ஏறாது, சப்பென்று இருக்கும். உலோகத்துக்கும் அது நல்லதல்ல. ஆர்.ஓ. சர்வீஸ் பையனிடம் சொன்னால் உள்ளே இருக்கிற சின்னத் திருகைத் திருப்பி நூற்றை ஒட்டி வைத்துக் கொடுப்பார். உப்பு நீக்க மெஷின் புத்தகத்தில் சொல்லியிருக்கிற மருந்தை, சொல்லியிருக்கிற இடைவெளியில் போடுங்கள். வினிகர் ஊற்றாதீர்கள். வாடை போகாது, ரப்பரும் கெடும்.

கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். தலைப்பகுதியின் ரப்பர் கேஸ்கெட் தனியாகக் கிடைக்குமா, கெட்டுப்போனால் யார் வந்து பார்ப்பார்கள்? கேஸ்கெட் ஒன்றிரண்டு வருடத்தில் இறுகி ஒழுகத்தான் செய்யும். அது சின்னச் செலவு. அது கிடைக்காமல் மூலையில் கிடக்கிற மெஷின்கள் ஏராளம். பம்பைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். பல கம்பெனி மெஷின்களில் உள்ளே இருப்பது உல்கா என்கிற ஒரே இத்தாலிய வகை, மாற்றிவிடலாம்.

மெஷினை 16 ஆம்பியர் பிளக்கில் போடுங்கள், இண்டக்‌ஷன் அடுப்போடு ஒரே பிளக்கைப் பங்கு போட வேண்டாம். மேலே அலமாரி இருந்தால் தண்ணீர்த் தொட்டியைத் தூக்கி எடுக்க இடம் இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். இரவில் தூள் கழிவுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். உள்ளே இளஞ்சூடும் ஈரமும் இருப்பதால் கரப்பான்பூச்சி போர்டுக்குள் குடியேறும். என்னிடம் வருகிற எலெக்ட்ரானிக் பழுதுகளில் ஒரு பகுதி அதனால்தான்.

கொட்டையைப் போட்டுப் பட்டனை அமுக்கினால் அரைப்பது முதல் பால் நுரைப்பது வரை தானே செய்கிற ஆட்டோமேட்டிக் மெஷின்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கடையில் காட்டுவார்கள். கை நடுக்கம் உள்ளவர்களுக்கும், காபி போடுவதில் ஆர்வமே இல்லாதவர்களுக்கும் அது வரப்பிரசாதம். உங்கள் விலைக்குள் நல்லது கிடைப்பது கஷ்டம், பால் போகிற குழாயை ஒருநாள் கழுவ மறந்தாலும் நாறும்.

கொட்டை வாங்குவதில் உங்களுக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. நீங்கள் தூள் வாங்குகிற கடையிலேயே வறுத்து அரைப்பவர்களாக இருந்தால், சிக்கரி இல்லாமல் கொட்டையாகவே கால் கிலோ கேளுங்கள். என்றைக்கு வறுத்தது என்று கேளுங்கள். வறுத்து ஒரு வாரம் ஆகியிருந்தால் நல்லது, ஒரு மாதத்தைத் தாண்ட வேண்டாம். வறுத்த கொட்டைக்குள் அடைந்திருக்கிற வாயுதான் எஸ்பிரெஸ்ஸோவின் பொன்னிற நுரையைத் தருகிறது, நாளாக ஆக அது போய்விடும். ஏற்காடு, வால்பாறை, சிக்மகளூர் என்று எந்த மலைக் காபியானாலும் சரி. பால் ஊற்றிக் குடிப்பதானால் அராபிக்கா வகைக் கொட்டையோடு நாலில் ஒரு பங்கு ரோபஸ்டா வகையைச் சேர்த்துத் தரச் சொல்லுங்கள், பாலில் ருசி அமுங்காது. ரோபஸ்டாவை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. நம் நாட்டுக் காபியை அதிகம் வாங்குகிற நாடு இத்தாலி; நம் ரோபஸ்டா அவர்களுடைய எஸ்பிரெஸ்ஸோ கலவைக்குள் போகிறது. பாலுக்கு ஆவின் பச்சை பாக்கெட், நாலரை சதவீதக் கொழுப்பு, போதும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு நுரைக்கத் தொடங்குங்கள். ஜக்கைக் கையால் தொட முடியாத சூடு வந்ததும் நிறுத்துங்கள். அது 60, 65 டிகிரி. நம் வீட்டில் "சூடே இல்லையே" என்பார்கள். கொதிக்கவைத்தால் பாலின் இனிப்பு போய்விடும். கோப்பையை வெந்நீரில் கழுவிச் சூடாக்கி ஊற்றிக் கொடுங்கள், குறை தெரியாது. நுரைத்து முடித்த கையோடு நீராவிக் குழாயை ஈரத்துணியால் துடைத்து ஒரு வினாடி நீராவியைத் திறந்துவிடுங்கள். காய்ந்த பால் அந்தச் சின்ன ஓட்டைகளை அடைத்துத்தான் பாதி மெஷின்கள் "நீராவி வரலை" என்று வருகின்றன.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. டிசம்பர் வரை காலம் இருக்கிறது. அதுவரை மோகா பாட் ஒன்றை வாங்கி அடுப்பில் வைத்துப் பாருங்கள். அல்ஃபோன்ஸோ பியலெட்டி 1933-இல் இத்தாலியில் செய்த அலுமினியப் பாத்திரம். கீழே தண்ணீர், நடுவில் தூள், மேலே காபி. மெஷின் விலையில் ஒரு சிறு பங்கு. கொஞ்சம் கரகரப்பாக அரைத்த, சிக்கரி இல்லாத தூளைப் போட்டு உங்கள் கணவரும் மகனும் அவர்களே காபி போட்டுக்கொள்ளட்டும், அவர்களே கழுவி வைக்கட்டும். இரண்டு மாதம் அது விடாமல் நடந்தால் மெஷினும் உங்கள் வீட்டில் ஓடும். கழுவுகிற வேலை உங்கள் தலையில் வந்து விழுகிறது என்றால், மெஷின் வந்தாலும் அதுவே நடக்கும். தயவுசெய்து அப்போது வாங்காதீர்கள். மாமனார் மாமியார் காபி, சமையல் எல்லாவற்றோடும் உங்கள் காலைப்பொழுதில் இன்னொரு அரை மணி நேரத்தைச் சேர்ப்பதற்கு நான் யோசனை சொல்ல மாட்டேன்.

மெஷின் வந்த பிறகு முதல் கால் கிலோ கொட்டை கை பழகுவதற்கே போகும், அதை வீண் என்று நினைக்காதீர்கள். அதன் பிறகும் சரிவரவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். எத்தனை கிராம் போட்டீர்கள், எத்தனை வினாடியில் எத்தனை கிராம் இறங்கியது, தண்ணீரின் டி.டி.எஸ். எவ்வளவு, கொட்டை என்றைக்கு வறுத்தது என்று நான்கையும் குறித்து அனுப்புங்கள்.